பச்சை நூல் ஹோட்டல்

அத்தியாயம் பதினொன்று

காலையில் வந்திறங்கிய முதல் மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால், மாமனார் கொடுத்த காகிதத்தை மருமகள் மூன்றாவது தடவையாகப் படித்தாள்.

‘பெரிய ஹோட்டல் வேண்டாம். ஜன்னல் திறக்க வேண்டும். காலையில் யாரும் கதவைத் தட்டி அவசரப்படுத்தக் கூடாது. பார்த்ததும், யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று தோன்ற வேண்டும்.’

கடைசி வரியின் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார்.

போன வாரம் ஊரில் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர் இந்த மாமனார். மனைவி போய் நாலு வருஷமாகிறது. தட்டில் போட்டதைச் சாப்பிட்டு, கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, இருக்கிற இடம் தெரியாமல் இருந்த மனிதர். அவர் முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்று கேட்டிருக்கிறார்: நகரத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வர ஒரு நல்ல ஹோட்டல். கூட வரப்போவது மருந்துக்கடை அம்மா. பிரஷர் மாத்திரை வாங்கப் போன இடத்தில் ஏற்பட்ட பழக்கம்.

மகனுக்கு, அதாவது மருமகளின் கணவனுக்கு, இது தெரியாது. “நேரம் பார்த்து நானே அவன்கிட்ட சொல்றேன்மா” என்று மாமனார் சொல்லிப் பதினைந்து நாளாகிறது. நேரம் இன்னும் வந்து சேரவில்லை.

மருமகளுக்கு இதில் ஒரே ஒரு பயம்தான். கணவன் காதுக்கு விஷயம் கோணலாகப் போய்ச் சேர்ந்தால், மாமனார் மறுபேச்சில்லாமல் எல்லாவற்றையும் சுருட்டி வைத்துவிடுவார். அப்புறம் இந்த ஜென்மத்தில் வாய் திறந்து எதையும் கேட்க மாட்டார். இந்த ஒன்றாவது அவருக்கு நடக்க வேண்டும் என்று அவள் மனதார ஆசைப்பட்டாள்.

ஹோட்டல் தேடுகிற வேலையை அவர் இவளிடம் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. ஊர்க்கோடியில் இருக்கும் பெரிய சலவைக்கூடத்தில் அவள் மேற்பார்வை பார்க்கிறாள். நகரத்து ஹோட்டல்களின் அழுக்குத் துணியெல்லாம் ஒன்றரை மணி நேரம் லாரியில் வந்து இங்கேதான் இறங்கும். எந்த ஹோட்டலுக்குள்ளும் அவள் காலெடுத்து வைத்ததில்லை. ஆனால் பதினெட்டு ஹோட்டல்களின் வண்டவாளம் அவளுக்குத் தெரியும்.

ஒவ்வொரு ஹோட்டலின் விரிப்பிலும் துண்டிலும் மூலையில் ஒரு நிற நூல் தைத்திருக்கும். நூலைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். இங்கே யாரும் ஹோட்டலைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நீலம் வந்தாச்சா, மஞ்சள் காய்ந்தாச்சா என்றுதான் பேச்சு.

நீலம், ஆற்றங்கரையில் நாற்பது மாடி. நகரத்திலேயே ஆடம்பரமானது. துணி என்னவோ உசத்திதான். ஆனால் முகம் துடைக்கும் துண்டில் ஷூ பாலிஷ், மேஜைத் துணியில் சிகரெட் சுட்ட ஓட்டை. தங்குகிறவர்களுக்கும் மரியாதை இல்லை, வைத்திருப்பவர்களுக்கும் அக்கறை இல்லை. மாமனார் அங்கே போனால் லிஃப்டிலேயே தொலைந்துவிடுவார்.

மஞ்சள்தான் இப்போது எல்லார் வாயிலும் அடிபடுகிறது. கறுப்புச் சுவர், பித்தளைத் தொட்டி, கூரையிலிருந்து தொங்குகிற செடிகள். போனில் படம் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அவளும்கூட முந்தா நாள் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் மஞ்சள் நூல் மூட்டையைப் பிரித்தால் வேறு கதை. மேலே போர்த்துகிற விரிப்பு பளபளவென்று இருக்கும், அடியில் விரிப்பது சல்லடை. படத்தில் அடி விரிப்பு தெரியாது அல்லவா, அந்தத் தைரியம்.

பச்சை, பதினாலே அறை. ஒரு காலத்தில் பட்டன் தொழிற்சாலையாக இருந்த கட்டடமாம். விளம்பரம் கிடையாது. அழுக்குத் துணியைக்கூட மூலைக்கு மூலை மடித்து அனுப்புகிற ஒரே ஹோட்டல் அதுதான். விரிப்பில் சின்னக் கிழிசல் இருந்தால் தூக்கிப் போடாமல் கையால் இழை ஓட்டியிருப்பார்கள். போன மாதம் ஒரு மூட்டையில் துண்டுச்சீட்டு வந்தது: ‘மூன்றாம் அறைக்காரருக்கு அடுக்குத் தும்மல். அவருடைய துணிக்கு வாசனை போட வேண்டாம்.’

யாரோ ஒருத்தருடைய தும்மலுக்காகச் சீட்டு எழுதுகிற இடம் என்றால் மாமனாரை நம்பி அனுப்பலாம். அவள் போனை எடுத்தாள்.

பச்சை நூல் ஹோட்டலில் அறைகளைப் பராமரிக்கிற தலைமை அம்மாளை அவளுக்கு ஆறு வருஷமாகக் குரலாக மட்டும் தெரியும். முக்கால்வாசி சண்டைதான்.

“என்ன, தலையணை உறை குறையுதுன்னு சொல்லப் போறீங்களா?” என்றது குரல்.

“இன்னைக்குச் சண்டை இல்லக்கா. எனக்கு ஒரு ரூம் வேணும்.”

“எத்தனை பேர்?”

“ரெண்டு பேர். அடுத்த வெள்ளி, சனி.”

“ஏழாம் நம்பர் காலியா இருக்கு, ஆனா தர மாட்டேன். லிஃப்ட் சத்தம். பதினொண்ணு தரேன். தோட்டத்துப் பக்கம். ஜன்னல் முழுசா திறக்கும்.”

“காலையில கதவைத் தட்டுவாங்களா?”

“தட்டறவளே நான்தான். தட்டலை, போதுமா? சரி, ஒரே கட்டிலா, தனித்தனிக் கட்டிலா?”

மருமகள் திருதிருவென்று விழித்தாள். காகிதத்தில் நாலு நிபந்தனை இருந்தது. இது இல்லை.

“யோசிச்சு நாலு மணிக்குள்ள சொல்லுங்க. இப்போதைக்கு ஒரே கட்டில்னு போட்டு வைக்கிறேன். உங்க சலவைக்கூடம் பேர்லயே எழுதிக்கறேன், சலுகை உண்டு. நம்பர் சொல்லுங்க.”

கேஸுக்கும் பேங்குக்கும் பத்து வருஷமாக எந்த நம்பரைச் சொல்வாளோ அதையே மடமடவென்று சொன்னாள். கணவனுடைய நம்பர். வாய்ப்பழக்கம். போனை வைத்த பிறகும் அவளுக்கு அது உறைக்கவில்லை. நமக்கு உறைக்கிறது, ஆனால் நாம் கூப்பிட்டால் அவள் காதில் விழவா போகிறது?

கட்டில் விஷயத்தை மாமனாரிடம் கேட்க அவளுக்கு நாக்கு எழாது. மருந்துக்கடை அம்மாவிடமே கேட்டுவிடலாம் என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பினாள்.

கடையில் கூட்டம். கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு, உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, அம்மா மாத்திரை அட்டையைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டிருந்தார். உறையின் மேல் காலை, இரவு என்று எழுதினார். கடைசி ஆள் இருமிக்கொண்டே வெளியே போன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“ஹோட்டல் பார்த்துட்டேன்மா. சின்ன இடம், ஆனா ரொம்ப நல்ல இடம்” என்று மருமகள் ஆரம்பித்தாள். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது. கட்டில் ஒண்ணா, ரெண்டா?”

அம்மா சிரித்துவிட்டார். “ரெண்டு போடச் சொல்லுங்க. அவர் குறட்டை விடுவாராம், அவரே ஒத்துக்கிட்டாரு.”

மருமகளுக்கும் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா, இதற்குப் போயா இவ்வளவு தயங்கினோம் என்று இருந்தது.

“எனக்கு இந்த வயசுல வெக்கமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. ஒளிவு மறைவுதான் ஆகாது. உங்க வீட்டுக்காரரை நெனச்சா சந்தோஷமா இருக்கு. ‘விஷயத்தைச் சொன்னதும் பையன் சந்தோஷப்பட்டான், அவனே பொண்டாட்டிகிட்ட ஹோட்டல் பார்க்கச் சொல்லிட்டான்’னு இவர் வந்து சொன்னப்ப எனக்கு மனசு நெறஞ்சு போச்சு.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மருமகளுக்கு அது உடனே வரவில்லை. வந்தபோது நேரம் கடந்துவிட்டது. டாக்டர்களின் கிறுக்கலையே இருபத்தாறு வருஷமாகப் படிக்கிற அம்மாவுக்கு ஒரு முகத்தைப் படிக்க எவ்வளவு நேரமாகும்?

“அவருக்குத் தெரியாதா?”

“மாமா சொல்லிடுவாரும்மா. நேரம் பார்த்துட்டு இருக்காரு.”

அம்மா கத்தரியைக் கீழே வைத்தார். கோபமாகக்கூட இல்லை. கடையில் இல்லாத மருந்தை இல்லை என்று சொல்கிற குரலில் சொன்னார்.

“அப்ப ரூமை வேண்டாம்னு சொல்லிடுங்க. உங்க மேல ஒண்ணும் இல்லம்மா. ஊர்ல பாதிப் பேரோட ரகசியம் இந்த டிராயர்ல இருக்கு. ஒருத்தர்கிட்டயும் வாய் திறந்ததில்ல. ஆனா நானே ஒருத்தரோட ரகசியமா இருக்க முடியாது.”

ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டுக்குக் கை நீட்டினார்.

மருமகள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். கடைப்பக்கமே போகாமல் இருந்திருந்தால் காரியம் நடந்திருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள். அவளுக்கு அழுகை வந்தது.

வீட்டில் மாமனார் முடி வெட்டிக்கொண்டு வந்து, புதிதாக வாங்கிய ஒரு சின்னப் பையின் ஜிப்பைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் நடந்ததைச் சொன்னாள். ஜிப் பாதியில் நின்றது.

“சொல்லிட்டியாம்மா?”

“நான் சொல்லல மாமா. என் மூஞ்சி காட்டிக் கொடுத்துடுச்சு. நீங்க அவங்ககிட்ட அப்படிச் சொல்லி வெச்சிருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?”

அவர் பையைப் பார்த்தபடியே பேசினார். “அவன் அப்படிச் சொன்னா எப்படி இருக்கும்னு ஒருநாள் நெனச்சுப் பார்த்தேன். நல்லா இருந்துச்சு. அவங்ககிட்ட சொல்லிப் பார்த்தேன். இன்னும் நல்லா இருந்துச்சு.”

ஒரு அறுபத்துநாலு வயது மனிதர், தன் மகனுடைய சந்தோஷத்தைத் தானே தயாரித்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கிறது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“கேன்சல் பண்ணிடும்மா. பரவாயில்ல” என்றார்.

அவள் போனை எடுத்தபோது மணி மூன்றே முக்கால். வாசலில் கார் வந்து நின்றது. தலையில் மஞ்சள் போர்டு வைத்த டிரைவிங் ஸ்கூல் கார். ஆறு மணிக்கு முன்னால் ஒருநாளும் வீடு வராத கணவன் இறங்கினான்.

அவன் டிரைவிங் மாஸ்டர். பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இன்னொருத்தர் ஓட்டுகிற வண்டிக்குத் தன் காலடியில் இருக்கும் பிரேக்கைப் போட்டு உயிர் பிழைத்து வருகிறவன். சுபாவத்தில் சிரிப்பவன் அல்ல. இன்றைக்குச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான்.

“இது என்ன?” என்று போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான்.

திறந்த ஜன்னல், தோட்டம், வெள்ளை விரிப்புப் போட்ட ஒரு பெரிய கட்டில். கீழே எழுதியிருந்தது: ‘சலவைக்கூட நண்பர்களுக்கு நன்றி. உங்கள் இருவருக்காகப் பதினொன்றாம் அறை காத்திருக்கிறது.’

அப்போதுதான் அவளுக்கு நம்பர் உறைத்தது.

“எத்தனை நாளா நடக்குது இந்த வேலை?” அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “வெள்ளி, சனி ரெண்டு நாள் கிளாஸையும் மாத்திட்டேன். கல்யாணமாகிப் பத்து வருஷத்துல உன்னை எங்கயும் கூட்டிட்டுப் போனதில்லையேன்னு எனக்கு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு. நான் நெனச்சுட்டு மட்டும் இருந்தேன். நீ செஞ்சே காட்டிட்ட.”

இப்படி அவன் பேசி அவள் கேட்டதில்லை. கேட்கக் கிடைத்த நேரத்தைப் பாருங்கள்.

“ஆமாப்பா, உங்களுக்குத்தான்” என்றார் மாமனார்.

அவர் குரல் ரொம்ப இயல்பாக இருந்தது. காலால் புதுப் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினார். “நான்தான் எடுக்கச் சொன்னேன். ரெண்டு பேரும் நல்லபடியா போயிட்டு வாங்க.”

மருமகள் அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. கணவன் முகத்தில் இப்போது இருப்பது அப்படியே இருக்கும். அந்த ஜன்னலைத் திறந்து பார்க்க அவளுக்கும்தான் ஆசை. ஆறு வருஷமாகத் துவைத்து அனுப்பிய விரிப்பில் ஒரு நாளாவது படுக்க ஆசை. இதையெல்லாம் அவள் நினைத்தாள், நினைக்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை அந்த அறைக்குள் நுழையும்போது, வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிற மாமனாரின் புதிதாக முடி வெட்டிய தலைதான் கண்ணில் நிற்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

“இல்லங்க” என்றாள். “இது நமக்கு எடுத்தது இல்ல. மாமாவுக்கு.”

“அப்பாவுக்கா?” அவன் திரையை மறுபடி பார்த்தான். “இருவர்னு போட்டிருக்கே.”

உட்கார்ந்த இடத்திலேயே அவன் வலது கால் தரையை அழுத்தியது. இல்லாத பிரேக்.

“நானும் மருந்துக்கடை அம்மாவும்ப்பா” என்றார் மாமனார்.

சொல்லிவிட்டார். பதினைந்து நாளாக வராத நேரம், இருப்பதிலேயே மோசமான நேரமாகப் பார்த்து வந்து சேர்ந்தது.

மாஸ்டரின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவன் போனை மேஜையில் வைத்தான். “எவ்வளவு நாளா?”

“பேசிப் பழகி ஒரு வருஷம் ஆச்சு.”

அவன் மனைவி பக்கம் திரும்பினான். “உனக்கு?”

“பதினஞ்சு நாளா தெரியும்.”

“எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.”

“அவங்களுக்கும் உண்மை தெரியாதுப்பா” என்றார் மாமனார். “உன்கிட்ட சொல்லிட்டேன்னு அவங்ககிட்ட சொல்லி வெச்சிருந்தேன். இன்னைக்குத்தான் அது பொய்னு தெரிஞ்சுது. வர மாட்டேன்னுட்டாங்க. அதோட முடிஞ்சது, விடு.”

“நான் என்ன சொன்னேன்னு அவங்ககிட்ட சொன்னீங்க?”

“நீ சந்தோஷப்பட்டேன்னு” என்றார் மாமனார்.

அவன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தன் அம்மா இறந்ததிலிருந்து அப்பாவோடு அவன் பேசிய பேச்செல்லாம் மாத்திரை போட்டாச்சா, கதவு சாத்தியாச்சா, அவ்வளவுதான். அது அவனுக்கும் இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“நான் சந்தோஷப்படுவேனா, கோபப்படுவேனா, எனக்கே தெரியலப்பா. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். நீங்க கேக்கவே இல்ல.”

எழுந்து சாவியை எடுத்தான்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள் மருமகள்.

“மருந்துக்கடைக்கு.”

மாமனார் எழுந்தேவிட்டார். “அவங்க ஒண்ணும் பண்ணலப்பா. அவங்ககிட்ட போய் என்ன சொல்லப் போற?”

“தெரியல. போற வழியில யோசிக்கிறேன்.”

கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. கடை மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறது. யோசிக்க அதிகம் நேரம் இல்லை.

மாமனார் தன் போனைத் தேடி எடுத்தார். அவருக்குக் காதில் வைத்துப் பேசத் தெரியாது. எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு முன்னால் வைத்துக்கொண்டுதான் பேசுவார். நாலு தடவை அடித்த பிறகு அம்மா எடுத்தார்.

“சொல்லுங்க.”

“என் பையன் அங்க வரான். உங்ககிட்ட நான் பொய் சொன்னேன். அவனுக்கு இப்பத்தான் தெரியும். என்ன பேசுவான்னு எனக்குத் தெரியாது. அவன் ஏதாவது சொன்னா அது என் மேல வந்த கோபம், உங்க மேல இல்ல. இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

மருந்துக்கடை அம்மா போனை வைத்துவிடவில்லை.

“இதை இப்படியே முதல் நாள் சொல்லியிருந்தா என்ன?” என்றார்.

“சொல்லியிருக்கலாம்.”

“இருங்க. வண்டி ஒண்ணு வந்து நிக்குது. மேல போர்டு வெச்சிருக்கு.”

போனை மேஜைமேல் வைக்கிற சத்தம். கண்ணாடிக் கதவு திறக்கிற சத்தம். காலடி. மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேஜைமேல் குனிந்தாள்.

“வணக்கம்மா. நான் மீட்டர்காரர் பையன்.”

“தெரியும். உக்காருங்க.”

ஸ்டூல் இழுபடுகிற சத்தம்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றான் அவன்.

மாமனார் விரலை நீட்டி இணைப்பைத் துண்டித்தார்.

“என்ன மாமா இது? என்ன கேட்டாருன்னே தெரியலையே.”

“அவங்ககிட்டதானேம்மா கேக்கப் போனான்” என்றார் அவர். “கேக்கட்டும்.”

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கை இரண்டையும் முழங்காலில் ஊன்றி, வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.